பதினோராவது லாரி வாங்கும் முன்

நாமக்கல் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கித் தருகிறேன்.

"அப்பா 1994-ல் ஒரே ஒரு லாரியோடு தொழிலைத் தொடங்கினார். இன்று ஒன்பது வண்டிகள், எல்லாமே பன்னிரண்டு சக்கரம். ஆறு அப்பா பெயரில், மூன்று அம்மா பெயரில். ஏழு வண்டிகளுக்கு டியூ முடிந்துவிட்டது. தம்பி சங்ககிரியில் உட்கார்ந்து லோடும் டிரைவர்களும் பார்க்கிறான். நான் கணக்கும் வசூலும். இப்போது ஒரு இரும்புக் கம்பெனி, அப்பா பெயரில் ஐந்து புது வண்டி நிறுத்தினால் சேலம்–புனே லைனுக்கு ஒரு வருட ஒப்பந்தம் தருகிறேன் என்கிறது. போகும் லோடு மட்டும்தான் அவர்களுடையது. நடைக்கு 60,000 வாடகை, பில் கொடுத்து 60 நாளில் பணம். திரும்பி வர நாங்கள்தான் லோடு பிடிக்க வேண்டும், 40,000 கிடைக்கும். ஃபைனான்ஸில் வண்டிக்கு 35 லட்சம் தருகிறார்கள், 60 மாதம், மாதம் 74,000 டியூ. எங்கள் பங்கு வண்டிக்கு 8 லட்சம். கையில் 30 லட்சம் இருக்கிறது. மீதிக்கு அம்மாவின் நகையை வைக்கலாம் என்கிறான் தம்பி. இருப்பதே போதும் என்கிறார் அப்பா. வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சு. நாங்கள் என்ன செய்வது?"

ஐந்து வண்டி வாங்காதீர்கள். இரண்டு வாங்கலாம், அதுவும் அப்பா பெயரில் வேண்டாம். ஒப்பந்தத்தில் சில வரிகள் மாறினால் மட்டும் வாங்குங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

கடிதத்தோடு அப்பாவின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள், அந்தப் பக்கத்தில் பாதி விடை இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் ஆயில் (டீசல்), டோல், படி, ஏற்றுக்கூலி, பஞ்சர், 'வழி' என்று தனித்தனியாக எழுதி, கீழே மிச்சத்தைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். முப்பது வருடமாக ஒரு மனிதர் இப்படி எழுதி வருவது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் டயர் இல்லை. டயர் கடைக் கணக்கு வேறு நோட்டு, ஆயுத பூஜைக்கு முன்னால் தீர்ப்பது வழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் இல்லை. காலாண்டு வரி, நேஷனல் பர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எதுவும் இல்லை. அதாவது அந்த நோட்டு ஒரு நடையின் கணக்கைச் சொல்கிறது, ஒரு வண்டியின் கணக்கைச் சொல்லவில்லை.

நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் பார்ப்போம். மாதம் நான்கு நடை, போக வர 1 லட்சம் வீதம் 4 லட்சம் வரவு. ஆயில் 2,05,000, டோல் 48,000, டிரைவர் சம்பளமும் படியும் 46,000, மற்ற வழிச்செலவு 9,000. மிச்சம் 92,000. அதில் டியூ 74,000 போனால் கையில் 18,000. 'வண்டிக்கு 18,000 வந்தால் ஐந்து வண்டிக்கு 90,000' என்று தம்பி போட்ட கணக்கு இதுதான்.

இப்போது நோட்டில் இல்லாததைச் சேர்ப்போம். பன்னிரண்டு டயர், ஒரு முறை ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்குப் புது மேல்பகுதி ஒட்டுவது) செய்து ஓட்டினாலும் மாதத்துக்கு 15,000 ஆகும். இன்சூரன்ஸ் 9,000. வரி, பர்மிட், எஃப்சிக்கு 5,000. சர்வீஸ், கிளட்ச், ஸ்பிரிங் பட்டை, ஆட்ப்ளூ (புகையைச் சுத்தமாக்கும் திரவம்) எல்லாம் சேர்த்து 12,000. மொத்தம் 41,000. கையில் இருப்பதாக நினைத்த 18,000 போய், மாதம் 23,000 துண்டு விழுகிறது. ஐந்து வண்டிக்கு 1,15,000.

இதைப் பார்த்து லாரித் தொழிலே நஷ்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த 74,000-ல் பெரும்பகுதி அசல். டியூ முடிந்ததும் இதே வண்டி மாதம் 51,000 தரும். வண்டி பழசாகப் பழசாகப் பட்டறைச் செலவு ஏறும் என்பதால் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஐந்து வருடம் பழைய வண்டிகள் புது வண்டிகளுக்குச் சோறு போட வேண்டும். உங்களிடம் டியூ இல்லாத ஏழு வண்டிகள் மாதம் 2,80,000 தரும். டியூ ஓடும் இரண்டும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் என்று வைப்போம். வீட்டுச் செலவு 1,20,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து புது வண்டியின் துண்டையும் கழித்தால் மீதி 45,000. ஒரு இன்ஜின் வேலை வந்தால் போச்சு. இரண்டே வண்டி என்றால் துண்டு 46,000தான், மூச்சு விட இடம் இருக்கும்.

இதெல்லாம் மாதம் நான்கு நடை தவறாமல் ஓடினால்தான். புனேயில் ரிட்டர்ன் லோடுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் படுத்தால் நான்கு நடை மூன்றாகிவிடும். வரவில் 1 லட்சம் குறையும், செலவில் 77,000தான் குறையும். டயர், இன்சூரன்ஸ் எதையும் தொடாமலே மிச்சம் 69,000. டியூவுக்கே 5,000 பற்றாது. வாடகை எவ்வளவு என்று கம்பெனியிடம் பேரம் பேசிய அளவுக்கு, புனேயில் எந்த புக்கிங் ஆபீஸ் உங்களுக்கு லோடு தரப்போகிறது என்று விசாரித்தீர்களா? தம்பியை ஒரு முறை அந்த லைனில் நம் வண்டியிலேயே போய்வரச் சொல்லுங்கள்.

அடுத்தது கடன் நாள். இதுவரை நீங்கள் ஓட்டியது புரோக்கர் லோடு. வாடகையில் பெரும்பகுதி ஏற்றும்போதே அட்வான்ஸாக வந்துவிடும், மீதி இறக்கிய பிறகு. ஒப்பந்த லோடில் அது கிடையாது. சரக்கு இறங்கி, கையெழுத்தான ரசீது திரும்பி வந்து, பில் போட்டு, அதன் பிறகுதான் 60 நாள் ஓடத் தொடங்கும். நடைமுறையில் இரண்டரை மாதம் என்று வையுங்கள். ஒரு வண்டிக்கு மாதம் ரொக்கமாகப் போவது ஓட்டச் செலவு 3,08,000, டியூ 74,000, ஆக 3,82,000. ரிட்டர்ன் லோடில் 1,60,000 வந்துவிடும். மீதி 2,22,000-ஐ நீங்கள்தான் போட வேண்டும். இரண்டரை மாதத்துக்கு ஐந்தரை லட்சம். ஐந்து வண்டிக்கு 27 லட்சத்துக்கு மேல். முன்பணம் 40 லட்சத்தோடு சேர்த்தால் 67 லட்சம். உங்களிடம் இருப்பது 30. நகையை வைத்தால் முன்பணம்தான் சரியாகும், ஓட்டக் காசு எங்கிருந்து வரும்? கந்து வட்டிக்குத்தான் போவீர்கள். லாரிக் கடனால் மூழ்கிய குடும்பங்களைவிட, ஆயில் போடக் காசில்லாமல் மூழ்கிய குடும்பங்களைத்தான் என் மேசையில் அதிகம் பார்க்கிறேன். இரண்டு வண்டி என்றால் முன்பணம் 16, ஓட்டத்துக்கு 11, ஆக 27 லட்சம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மீதி மூன்று வண்டிக்கு அட்டாச் வண்டி பேசலாம், அதாவது அடுத்தவர் வண்டியை உங்கள் ஒப்பந்தத்தில் ஓட்டுவது. சங்ககிரியில் வண்டி இருந்தும் நிரந்தர லோடு இல்லாதவர்கள் நிறையப் பேர். ஆனால் அவர்கள் உங்களிடம் அட்வான்ஸ் கேட்பார்கள், கம்பெனியிடம் உங்களுக்கு அட்வான்ஸ் இல்லை. ஆகவே, கம்பெனி ஆயிலுக்காவது நடைக்கு நடை முன்பணம் தர ஒப்புக்கொண்டால் மட்டும் அட்டாச் வண்டி. இல்லையென்றால் இரண்டு வண்டிக்கு மட்டும் ஒப்பந்தம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வண்டியில் சரக்கு புக் செய்பவர்கள் 2007-ம் வருடச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பெனியோடு பேச உங்களிடம் ஒரு பிடி இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவைச் செய்திருக்கிறீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. உங்கள் அளவுக்குக் குறு அல்லது சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வந்துவிடுவீர்கள். அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது எம்எஸ்எம்இ சட்டம். மீறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டிக்காக யாரும் வாடிக்கையாளர் மேல் வழக்குப் போடப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத பணத்தைக் கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகப் புரியும். 60 நாளை 45 ஆக்குங்கள் என்று நீங்கள் கேட்பது பேராசை இல்லை. அப்புறம், ஆண்டு வரவு 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அதில் உங்கள் பில்லைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால், வங்கி சிறு வட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னதாகவே பணம் தந்துவிடும். உங்கள் கம்பெனி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று விஷயம். டீசல் விலை ஏறினால் வாடகை எப்படி ஏறும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், 'பார்த்துச் செய்வோம்' உதவாது. மாதம் குறைந்தது இத்தனை லோடு என்ற உறுதி வேண்டும். ஆலை வாசலில் நாள்கணக்கில் நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) எவ்வளவு என்பதும் வேண்டும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டியூ 60 மாதம், ஒப்பந்தம் 12 மாதம். அதிலும் 30 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

2018-ல் என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்த வருடம் ஜூலையில் மத்திய அரசு அச்சுக்கு ஏற்றும் எடையைக் கூட்டியது. மூன்று அச்சு வண்டியின் மொத்த எடை வரம்பு, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து, 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்குப் போனது. புதிதாக ஒரு லாரி கூட வராமலே நாடு முழுவதும் லாரிகளின் கொள்ளளவு கூடிவிட்டது. அடுத்த வருடம் தொழிலும் மந்தம், வாடகை இறங்கியது. அதற்குச் சற்று முன்னால் வரிசையாக வண்டி எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம். 'இருப்பதே போதும்' என்று அப்பா சொல்வதை வயதானவரின் பயம் என்று தம்பி நினைக்கலாம். எனக்கு அதில் அனுபவம் தெரிகிறது. முழுக்கச் சரி என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் வண்டிகளுக்கும் வயதாகிறது. நேஷனல் பர்மிட் பல அச்சு வண்டிக்கு 15 வருடம்தான். பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்க்காத தொழில் தானாகச் சுருங்கிவிடும்.

ஒரே கம்பெனியை நம்பி வளர்வது பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. விஆர்எல் நிறுவனம் 1976-ல் கர்நாடகத்தின் கதக்கில் ஒரு லாரியோடு தொடங்கியது, 2015-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. லாரிக்காரர்கள் எல்லோரும் அவர்களுடைய வண்டி எண்ணிக்கையைத்தான் பேசுவார்கள். நான் கவனிப்பது வேறு. அவர்கள் பார்சல் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான சிறு வாடிக்கையாளர்கள், எவர் ஒருவர் போனாலும் தொழில் நிற்காது. நீங்கள் பார்சலுக்கு மாற வேண்டியதில்லை. ஆனால் பதினொரு வண்டியில் இரண்டு ஒரு கம்பெனியிடம் இருப்பதும், பதினான்கில் ஐந்து இருப்பதும் ஒன்றல்ல.

இனி அப்பா பெயரில் ஏன் வேண்டாம் என்பது. அப்பாவிடம் ஆறு, புதிது ஐந்து, மொத்தம் பதினொன்று. வருமான வரிச் சட்டத்தில் பத்து என்பது ஒரு வேலி. வருடத்தில் எந்த நாளிலும் பத்துக்கு மேல் சரக்கு வண்டி இல்லாதவருக்கு இரண்டு சலுகைகள். பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க மாட்டார்கள். முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமல், டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்ற கணக்கில் வரி கட்டலாம் (12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு இந்தக் கணக்கு). உங்கள் 35 டன் வண்டிக்கு வருடம் 4,20,000, ஆறு வண்டிக்கு 25,20,000. பதினோராவது வண்டி மார்ச் கடைசி வாரம் வந்தாலும் அந்த வருடம் முழுக்கச் சலுகை போய்விடும். 'டியூ முடியாத வண்டி ஃபைனான்ஸ்காரருடையதுதானே' என்று சிலர் கேட்பார்கள். தவணையில் ஓட்டுபவரையே சட்டம் உரிமையாளராகக் கொள்கிறது. அப்பாவுக்கு டிடிஎஸ் 1 சதவீதம், ஒரு கோடி பில்லுக்கு ஒரு லட்சம். வரித் தாக்கலில் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் ஓட்டத்துக்குக் காசு இல்லாத வருடத்தில் அது முடங்கிக் கிடக்கும்.

புது வண்டிக்கு இந்த டன் கணக்கு லாபமும் இல்லை. டியூ வட்டியையும் தேய்மானத்தையும் அதில் தனியாகக் கழிக்க முடியாது. வாடகைக்கு ஓடும் லாரிக்குத் தேய்மானம் வருடம் 30 சதவீதம். 43 லட்சம் வண்டிக்கு ஒரு முழு வருடத்தில் ஏறத்தாழ 13 லட்சம் கழிக்கலாம். அதனால் பழைய வண்டிகள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். புது இரண்டையும் அப்பா, நீங்கள், தம்பி மூவரும் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனத்தின் பெயரில் எடுங்கள். முழுக் கணக்கு எழுதி, ஆடிட் செய்து, ஒவ்வொரு வண்டிக்கும் தனி லெட்ஜர் வையுங்கள். ஒப்பந்தமும் அந்தப் பெயரிலேயே வரட்டும். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட மட்டும் ஆளுக்கு ஒரு பெயரில் வண்டியைப் பிரித்துவிட்டு, பில்லை ஒரே பெயரில் போடும் வேலை வேண்டாம். அதிகாரி ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கூட்டு நிறுவனத்துக்கு வரியைவிடப் பெரிய காரணம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. தம்பிக்குச் சம்பளம் எவ்வளவு? கடிதத்தில் தேடினேன், இல்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்கிறான் என்று மட்டும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி ஹூப்ளியில் நின்றால் போன் அவருக்குத்தான் வரும். அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் 'வேண்டும்போது எடுத்துக்கொள்வது' கசக்கும். அவர் ஐந்து வண்டி கேட்பதில் பாதி, தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற கேட்பு என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கூட்டு நிறுவனத்தின் ஒப்பந்தப் பத்திரத்தில் உங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம், பங்கு விகிதம், ஒருவர் விலகினால் கணக்கு எப்படித் தீரும் என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். ஒற்றுமையாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

ஈரோட்டில் கட்டிக்கொடுத்த அக்காவை ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்பா உயில் எழுதாமல் போனால் அவர் பெயரில் உள்ள ஆறு லாரியிலும் அம்மா, நீங்கள், தம்பி, அக்கா நால்வருக்கும் சம பங்கு. ஆர்சி மாற்றத்துக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருக்கும், அதுவரை பர்மிட் வேலைகள் நிற்கும். அப்பா நன்றாக இருக்கும்போதே உயில் எழுதட்டும், அக்காவுக்கு என்ன என்பதையும் அவரே சொல்லட்டும். இதை நீங்கள் எடுத்துப் பேசினால் தப்பாகப் போகலாம், குடும்ப ஆடிட்டரை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

ஃபைனான்ஸ் பத்திரத்தில் அப்பா, அம்மாவிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்பார்கள். எதற்கு ஜாமீன் என்று வரிவரியாகப் படியுங்கள். புது வண்டி மட்டுமே பிணையாக இருக்க வேண்டும். டியூ முடிந்த ஏழு வண்டியின் ஆர்சியைச் சேர்த்துக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் அளவுக்கு வங்கியே கொடுக்கும்.

டிரைவரைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். புது வண்டிக்கு ஆள் இருக்கிறதா? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம், அது ஒரு ஆறுதல். ஆனால் பழைய வண்டியில் பதினைந்து வருடமாக ஓட்டுபவரைப் புது வண்டிக்கு மாற்றி, பழையதைப் புது ஆளிடம் கொடுத்தால் உங்களுக்குச் சோறு போடும் வண்டி கெடும். ஆளைப் பிடித்த பிறகு வண்டியை புக் செய்யுங்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப் பதிவு வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, உங்களுக்கு என்ன பதிவு வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஜிஎஸ்டி. இப்போது கம்பெனிகளே 5 சதவீதம் கட்டிக்கொள்ளும் முறையில் இருக்கிறீர்கள். அந்த முறையில் லாரி வாங்கும்போது கட்டும் வரி திரும்ப வராது. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதே நாளிலிருந்து, வாடகைக்கு நீங்களே 18 சதவீதம் போட்டு பில் கொடுக்கும் வழியும் இருக்கிறது. அப்போது லாரி, டயர், உதிரிபாகம் மூன்றுக்கும் கட்டிய வரியை வரவு வைக்கலாம். வண்டிக்கு ஆறு லட்சத்துக்குக் குறையாது. கம்பெனி நீங்கள் போடும் 18 சதவீதத்தைத் தன் பக்கம் வரவு வைத்துக்கொள்ளும் என்பதால் அவர்களுக்கும் நஷ்டமில்லை, ஆனால் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். புது நிறுவனத்தைப் பதிவு செய்யும்போதே இந்த முறையைத் தேர்ந்தெடுத்து அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும். சேஸிஸ் பில், பாடி கட்டும் பட்டறையின் பில் இரண்டும் அந்த நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில்தான் வர வேண்டும். ஷோரூமில் அவசரப்பட்டு அப்பா பெயரில் அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்த வாரமே பெயரை மாற்றச் சொல்லுங்கள்.